பெல்ட்டை மூடாதீர்கள், கல்லுக்கு வழி விடுங்கள்

கேள்வி: என்னிடம் ஹார்லி-டேவிட்சன் ஸ்ட்ரீட் 750 பைக் இருக்கிறது. கரூர் பக்கம் தினமும் போய்வரும் சாலையில் கிரஷர் லாரிகள் அதிகம். வழியெங்கும் ஜல்லி சிதறிக் கிடக்கிறது. போன மாதம் பின்சக்கரத்தருகே ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், சங்கிலிக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுற்றும் பெல்ட்டுக்கும், அது மாட்டி ஓடும் பல் வைத்த புல்லிக்கும் இடையில் ஒரு கல். எடுத்துவிட்டேன். ஆனால் பெல்ட்டின் நடுப்பகுதியில் மிளகு அளவில் ஒரு துளை விழுந்திருக்கிறது. பெல்ட்டை உடனே மாற்ற வேண்டுமா? லேத் பட்டறையில் தகடு வளைத்து, பெல்ட்டை முழுவதுமாக மூடிவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதற்குள் தகட்டுக்கு அளவு கொடுத்துவிட்டீர்களோ என்று எனக்குப் பயம். முழுவதுமாக மூட வேண்டாம். எவ்வளவு நெருக்கி அடைத்தாலும் சக்கரமும் புல்லியும் சுற்றுவதற்கு இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளி ஒரு கல்லுக்குப் போதும். திறந்த பெல்ட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தெறித்து விழ வேண்டிய கல், பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து பெல்ட்டைப் பதம் பார்க்கும்.

கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தகட்டை எங்கே வைப்பது என்பது தானாகப் புரியும். வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். பெல்ட்டுக்கு மேலே ஓர் ஓட்டம், கீழே ஓர் ஓட்டம். வண்டி முன்னே போகும்போது மேல் ஓட்டம் இன்ஜினை நோக்கி இழுபடுகிறது. கீழ் ஓட்டம் பின்சக்கரத்தை நோக்கிப் போகிறது. பற்கள் பெல்ட்டின் உட்புறத்தில் இருப்பதால், கீழ் ஓட்டத்தில் அவை அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்சக்கரம் வாரி எறியும் கல்லோ, மட்கார்டில் மோதிக் கீழே விழும் கல்லோ அந்தப் பல்லிடுக்கில் வந்து உட்கார்ந்தால், அடுத்த நொடி பின்புல்லியின் வாயில் இருக்கும். கிரஷரில் ஜல்லியை மேலே ஏற்றும் கன்வேயரைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். உங்கள் வண்டியிலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கல்லைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முக்கால் ஜல்லி என்கிறோமே, அந்த 20 மி.மீ. கல் பெரும்பாலும் பல்லிடுக்கில் உட்காராமல் தட்டிவிட்டு விழுந்துவிடும். கொண்டைக்கடலை அளவில் இருக்கும் பொடி ஜல்லிதான் எதிரி. அதிலும் தார் ஒட்டிய பொடி ஜல்லி இன்னும் மோசம். குழிக்குப் பேட்ச் போட்டுவிட்டு ரோலர் சரியாக ஓட்டாமல் போயிருப்பார்கள். மத்தியான வெயிலில் அந்தக் கல் டயரில் ஒட்டிக்கொண்டு வரும், பெல்ட்டிலும் ஒட்டிக்கொள்ளும். எம்-சாண்டின் வேலை வேறு. அது பெல்ட்டைத் துளைக்காது, புல்லியின் மேல்பூச்சை அரம்போல அராவிக்கொண்டே இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது துளைக்கு வருவோம். பெல்ட்டின் பலம் முழுக்க அதற்குள் நீளவாக்கில் ஓடும் நூல்களில்தான் இருக்கிறது. வெளியே தெரியும் கறுப்புப் பொருள் அந்த நூல்களைப் பிடித்துவைக்கும் உறை, அவ்வளவுதான். குண்டு துளைக்காத உடுப்பில் போடும் அராமிட் நூல்தான் பல பெல்ட்டுகளில் இருக்கிறது. சிலவற்றில் கார்பன் நூல். இந்த நூல்கள் இழுவைக்கு அசையாது, ஆனால் மடித்தால் போய்விடும். கல் இடையில் புகும்போது நடப்பது அந்த மடிப்புதான்: அந்த ஒரு புள்ளியில் நூல் கூர்மையாக வளைந்து நசுங்குகிறது. புதுப் பெல்ட்டைச் சின்ன வளையமாகச் சுருட்டாதே, உட்புறம் வெளியே வரும்படி திருப்பாதே என்று கம்பெனி கையேடு எச்சரிப்பதும் இதற்காகத்தான். வாங்கிய பெல்ட்டைக் கயிறுபோலச் சுருட்டிக் கட்டிக் கொடுக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

துளை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஓரத்தில் இருந்தால் பெல்ட்டை மாற்றியே தீர வேண்டும். ஓரம் கிழிந்தால் கிழிசல் உள்ளே நடந்து வரும். நடுவில் இருந்தால் கண்காணித்துக்கொண்டு ஓட்டலாம். ஹார்லியின் கையேட்டு நடைமுறையும் இதுதான். பல்லின் உட்பகுதியில் மயிரிழை விரிசல் என்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். அதே விரிசல் பல்லின் பக்கவாட்டில் வெளியே தெரிந்தாலோ, ஒரு பல் போயிருந்தாலோ, பல் கொக்கிபோலத் தேய்ந்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். ஓரத்தில் நூல் பஞ்சுபோலப் பிரிந்து தெரிவது மட்டும் என்றால் பதற்றம் வேண்டாம்.

ஆகவே உங்கள் பெல்ட்டை இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியைப் பின்சக்கர ஸ்டாண்டில் தூக்கி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, துளைக்கு நேராகப் பெல்ட்டின் முதுகில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே பெல்ட் முழுவதையும் பாருங்கள். நேராகப் பிடித்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். சாய்த்தால்தான் மேடு பள்ளத்தின் நிழல் விழும். துளைக்கு நேர் பின்னால், பெல்ட்டின் முதுகில், சின்னக் கொப்புளம்போலப் புடைத்திருந்தால் நூல் அறுந்து மேலே வந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். துளைக்குள் ஊசிமுனையால் மெல்ல விலக்கிப் பார்த்தால் நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பது தெரியும். இரண்டில் எது இருந்தாலும், துளை நடுவில்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால், ஒரு நாணயத்தை அருகில் வைத்து அளவு தெரியும்படி புகைப்படம் எடுத்து வையுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணின் ஞாபகம் நமக்குச் சாதகமாகவே பேசும், நம்ப முடியாது.

புல்லியைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அலுமினியப் புல்லிக்கு மேல் கடினமான குரோம் பூச்சு இருக்கும். கூரான கத்திமுனையைப் பல்லிடுக்கின் அடியில் நடுத்தர அழுத்தத்தில் இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு நன்றாக இருக்கிறது. கோடு விழுந்தால் பூச்சு போய்விட்டது. எம்-சாண்ட் செய்யும் வேலை இதுதான். கல் அடித்த இடத்தில் புல்லியின் பல் சிதைந்து கூர்மையாக நின்றால், அது ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டைக் கீறும். அந்தப் புல்லியில் புதுப் பெல்ட் போடுவது காசைக் கரியாக்குவது.

தகட்டுக்கு வருகிறேன். முதலில், உங்கள் வண்டியோடு வந்த காப்புத் தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாகங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் மாற்றும்போது கழற்றிய துண்டு திரும்ப மாட்டப்படாமலே போவது பட்டறைகளில் சாதாரணம். வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்று தாங்களாகவே கழற்றிப் போட்டவர்களும் உண்டு. எல்லாம் இருந்தும் போதவில்லை என்றால், கீழ் ஓட்டம் பின்புல்லிக்குள் நுழையும் அந்த வாய்க்கு முன்னால் மட்டும் ஒரு சாய்வான மறைப்பு வையுங்கள். மேலிருந்து விழும் கல் அதில் பட்டுப் பக்கவாட்டில் வழிந்துவிட வேண்டும். பின்புறமும் அடிப்புறமும் திறந்தே இருக்கட்டும். மறைப்பை ஸ்விங் ஆர்மில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கையில், பொருத்துங்கள், சேஸில் பொருத்தக் கூடாது. பெல்ட் ஸ்விங் ஆர்மோடுதான் ஏறி இறங்குகிறது, சேஸில் மாட்டிய தகடு பள்ளத்தில் இறங்கும்போது பெல்ட்டில் உரசும். பெல்ட்டுக்கும் தகட்டுக்கும் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். இரும்புத் தகட்டை விட கெட்டியான பிளாஸ்டிக் நல்லது. வளைந்தாலும் பெல்ட்டை அறுக்காது.

அதைவிட மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது: முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் மடல். கல் கிளம்பும் இடத்திலேயே அடக்கிவிடும். பார்க்க அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

பெல்ட்டின் இறுக்கத்தைக் கையேட்டு அளவில் வையுங்கள். கீழ் ஓட்டத்தின் நடுவில் சுமார் 4.5 கிலோ விசை கொடுத்து எவ்வளவு மேலே ஏறுகிறது என்று அளப்பது வழக்கம். எவ்வளவு ஏற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், வண்டியின் கையேட்டைப் பாருங்கள். மெக்கானிக்கின் கட்டை விரலை நம்பாமல் அதற்கான அளவியைக் கேளுங்கள். அதிக இறுக்கத்தில் ஓடும் பெல்ட்டில் கல் புகுந்தால், விட்டுக்கொடுக்க இடமில்லாமல் முழு அடியும் நூலில் விழும். இன்னொன்று: சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பெல்ட்டுக்கு அடிக்க விடாதீர்கள். என் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், நல்ல எண்ணத்தில்தான், ஒரு வாடிக்கையாளர் வண்டியின் பெல்ட் முழுக்க அதை அடித்துவிட்டான். மாலைக்குள் அந்தப் பெல்ட் எள்ளுருண்டைபோல மணலைப் பூசிக்கொண்டு நின்றது. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

அடுத்த முறை சத்தம் கேட்டால் உடனே ஆக்சிலேட்டரை விட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஓரங்கட்டி நில்லுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை மெல்லப் பின்னால் தள்ளுங்கள். கல் புகுந்த வழியிலேயே திரும்பி வந்து விழும். முன்னால் தள்ளினால் அது புல்லியைச் சுற்றி அரைவட்டம் போயாக வேண்டும். இன்ஜின் ஓடும்போது விரலையோ ஸ்குரூடிரைவரையோ அங்கே நீட்டாதீர்கள். பல்லும் புல்லியும் சேரும் இடம் கரும்பு ஆலைக்குச் சமம். ஜல்லி பரவிய இடத்தைக் கடக்கும்போது முறுக்காமல் சீராகப் போங்கள். டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதை விடுங்கள். தார்ப்பாய் கட்டியிருந்தாலும் பின்கதவின் இடுக்கில் கல் சொட்டிக்கொண்டே வரும்.

கடைசியாக, கேட்காத ஒன்று. பெல்ட்டை 1980-இல் ஸ்டர்ஜிஸ் மாடலில் கொண்டுவந்து நாற்பது ஆண்டுகளாகக் கொண்டாடிய ஹார்லியே, 2021-இல் கரடுமுரடான பாதைக்கென்று பான் அமெரிக்காவை இறக்கியபோது சங்கிலிதான் போட்டது. பிஎம்டபிள்யூவும் எஃப் 800 வரிசையில் சாலை வண்டியான எஸ் மாடலுக்குப் பெல்ட், ஜிஎஸ் மாடலுக்குச் சங்கிலி என்று பிரித்தது. ஹார்லி 2020-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், ஸ்ட்ரீட் பெல்ட்டுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க நேரலாம். நீங்கள் சொல்லும் சாலை அடுத்த சில ஆண்டுகளுக்கும் அப்படியேதான் இருக்கும் என்றால், இப்போதே ஒரு புதுப் பெல்ட் வாங்கி, சுருட்டாமல், ஆணியில் தொங்கவிடாமல், வெயில் படாத அலமாரியில் படுக்க வையுங்கள். அந்தப் பெல்ட்டும் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லடி பட்டுப் போனால், சங்கிலிக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.