நூறு முறைக்கு மேல் திருத்திய பிறகும் அது அதே அரசியலமைப்புச் சட்டம்தானா?

"இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை நூறு முறைக்கு மேல் திருத்திவிட்டார்கள். இவ்வளவு மாற்றிய ஒன்றை நிலையான சட்டம் என்று எப்படிச் சொல்வது?" என்பது கேள்வி. போட்டித் தேர்வு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துபவன் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இதை நான் எதிர்கொள்கிறேன். திருத்த இடம் கொடுத்ததால்தான் அது நிலைத்தது என்பதே என் பதில்.

முதல் திருத்தத்தையே பாருங்கள். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை ஒன்று நடைமுறையில் இருந்தது. கல்லூரியில் நிரப்பப்படும் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று அது பிரித்துக் கொடுத்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் இந்த ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் 15(4) என்ற புதிய உட்பிரிவைச் சேர்த்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழி திறந்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அந்த வாசல் அன்று அடைத்துக் கிடந்திருந்தால், தென்னாட்டில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தைத் தங்களுடையது என்று ஏற்றிருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே எளிமையில் மாற்றிவிட முடியாது. மாநிலத்தின் பெயரை மாற்ற நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும். சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆனது அப்படித்தான். 368-வது பிரிவின்படி செய்யும் திருத்தத்துக்கு ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் 450 பேர் வாக்களித்தால் 300 வாக்குகள் தேவை. இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் நடத்தித் தீர்க்கவும் வழியில்லை. மத்திய, மாநில அதிகாரப் பங்கீட்டைத் தொடும் திருத்தம் என்றால் பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிக்கான 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வழியில் வந்தது.

இத்தனை தடைகளையும் தாண்டித் தவறான திருத்தம் வராதா என்றால், வந்தது. அவசரநிலையின்போது, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலிருக்க, 1976-இல் 42-வது திருத்தம் நிறைவேறியது. எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றுகூட அதில் எழுதினார்கள். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், நாடாளுமன்றம் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று 7-க்கு 6 என்ற ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்ப்பு வந்திருந்தது. அந்தக் கோட்பாட்டைக் கொண்டே 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்த வரிகள் நீக்கப்பட்டன.

அந்த 7 பேரில் ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அவசரநிலையில் ஒருவரைக் காரணமின்றிச் சிறைவைத்தாலும் அவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976-இல் நான்கு நீதிபதிகள் சொன்னபோது, தனியாக மறுத்து எழுதியவரும் அவர்தான். அடுத்த ஆண்டு, பணி மூப்பு இருந்தும் தலைமை நீதிபதி பதவி அவருக்கு மறுக்கப்பட்டது, அவர் விலகினார். 1978-இல் 44-வது திருத்தம் வந்தது. மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர்களின் ஆதரவு இல்லாமல், அவசரநிலைக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசால் அதை நிறைவேற்றியிருக்க முடியாது. அந்தத் திருத்தத்தால், இன்று 359-வது பிரிவைத் திறந்து படித்தால், அவசரநிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளுக்காக (குற்றத் தண்டனையில் பாதுகாப்பு, உயிர், தனிமனிதச் சுதந்திரம்) நீதிமன்றம் செல்வதைத் தடுக்க முடியாது என்று இருக்கும். அந்த ஒற்றை நீதிபதி எதற்காக மறுத்து எழுதினாரோ, அது இப்போது சட்டத்தின் வாசகம்.