கடைக்கென்று செய்த கிட்டார்: கூடுதல் விலை எதற்கு?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினைந்து ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். அமெரிக்காவிலிருக்கும் என் தங்கை தை மாதம் ஊருக்கு வரும்போது மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 கிட்டார் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அங்குள்ள ஒரு பெரிய கடை, தன்னிடம் மட்டுமே கிடைக்கும் டி-28 என்று ஒன்றை விற்கிறது. வழக்கமான டி-28இன் மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் மரம். இதில் அடிரொண்டாக் ஸ்ப்ரூஸ். நிறம் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருத்திருப்பது). மேல்பலகையைச் சுற்றி ஹெரிங்போன் என்னும் மீன்முள் கரை. விலை ஆறில் ஒரு பங்கு கூடுதல். அந்தப் பணத்துக்குப் பொருள் உண்டா? (ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கடைப் பதிப்பு என்றதுமே ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. டி-28இன் உருவமே அப்படிப் பிறந்ததுதான். 1916இல் பாஸ்டன் நகரத்து டிட்சன் என்ற இசைக்கடைக்காக, அந்தக் கடையின் பெயரிலேயே விற்பதற்கென்று மார்ட்டின் நிறுவனத்தார் செய்துகொடுத்த பெரிய உடல் கொண்ட கிட்டாருக்கு, 1906இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரான ட்ரெட்நாட் என்பதைச் சூட்டினார்கள். அதே உருவத்தைத் தங்கள் பெயரில் அவர்கள் விற்கத் தொடங்கியது 1931இல். மகோகனி உடலோடு டி-18, ஈட்டி மர (ரோஸ்வுட்) உடலோடு டி-28 என்னும் இரண்டும் அந்த வழியில் வந்தவை. எனவே யார் கேட்டுச் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

சன்பர்ஸ்ட் நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதென்றால், அது கண்ணுக்குக் கொடுக்கும் பணம் என்று தெரிந்தே கொடுங்கள். ஹெரிங்போன் கரையும் அவ்வாறே. கரை மாறினால் சேலையின் நூல் நம்பர் மாறாது என்பதை நம் பக்கத்துத் தறிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மீன்முள் கரை சற்று மயக்கம் தரக்கூடியது. 1940களின் முற்பகுதி வரை வந்த பழைய டி-28களில் இந்தக் கரையும் இருந்தது, உள்ளே மேல்பலகையைத் தாங்கும் சட்டங்களை அலைபோலக் குடைந்து எடையைக் குறைத்திருக்கும் வேலைப்பாடும் இருந்தது. அந்தக் கிட்டார்களின் புகழுக்குப் பெரும் காரணம் உள்ளே இருந்த அந்தச் சட்டங்கள். வெளியே தெரிந்ததென்னவோ கரைதான். 1976இல் வந்த எச்டி-28 என்னும் மார்ட்டின் மாடலில் இரண்டையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைய வழக்கமான டி-28இல் சட்டங்கள் குடையப்படாதவை.

ஆகவே நீங்கள் கேட்டறிய வேண்டிய முதல் செய்தி, அந்தக் கடைப் பதிப்பின் சட்டங்கள் குடையப்பட்டவையா என்பது. குடையப்பட்டிருந்தால், அதன் விலையை டி-28இன் விலையோடு ஒப்பிடாமல் எச்டி-28இன் விலையோடு ஒப்பிட வேண்டும். கூடுதலாகத் தெரிந்த தொகை பெருமளவு கரைந்துபோக வாய்ப்புண்டு. குடையப்படாமல் கரை மட்டும் இருந்தால், அந்த ஆறில் ஒரு பங்கில் அடிரொண்டாக் மரத்துக்கு உரிய பங்கு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். விளம்பரத்தைப் படித்துக் கொண்டிருப்பதைவிட, தங்கையிடம் ஒரு சிறு கண்ணாடியையும் கைப்பேசி விளக்கையும் கொண்டு ஒலித்துளையின் வழியாக மேல்பலகையின் அடிப்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. சட்டத்தின் விளிம்பு நேர்கோடாக இருக்கிறதா, நடுவில் தாழ்ந்து ஏறுகிறதா என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். கழுத்து உடலோடு சேரும் கட்டையில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அதையும் ஒரு படம் எடுக்கட்டும்.

அடிரொண்டாக் உண்மையான மாற்றம். எடைக்கு எடை பார்த்தால் சிட்காவைவிட விறைப்பான மரம் அது. கம்பியை மீட்டும் பிக் என்னும் சிறு தகட்டால் ஓங்கி அடிக்கும்போது சிட்கா குழம்பத் தொடங்கும் இடத்திலும் இதன் ஒலி தெளிவாக நிற்கும். ஆனால் புதிதில் சற்று இறுக்கமாக ஒலிக்கும். வாசிக்க வாசிக்கத்தான் இளகும் என்பது வாசிப்பவர்கள் பலரின் அனுபவம். மென்மையாக விரலால் வாசிக்கிறவர் என்றால் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். உங்கள் நிலையில் இன்னொன்றும் உண்டு. கோயில் நோன்பிலும் கல்யாண வரவேற்பிலும் நீங்கள் வாசிப்பது பிக்கப் (கிட்டாரின் ஒலியை மின்குறிப்பாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சிறு கருவி) வழியாகத்தானே? உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரையில் உள்ள வெள்ளைச் சேடிலுக்கு அடியில் வைக்கும் பியசோ பிக்கப், மரத்தின் நுட்பமான வேறுபாட்டில் மிகச் சிறிதையே ஒலிபெருக்கிக்கு அனுப்பும். ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் அதுவும் காதில் விழாது. வீட்டிலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ மைக் வைத்து வாசிப்பது அதிகமென்றால் மட்டுமே அடிரொண்டாக் தன் விலையைத் திருப்பித் தரும்.

பக்கப்பலகையும் பின்பலகையும் ஈட்டி என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமையும் இருக்கிறது. 1969 வாக்கில் பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அரிதாகவே மார்ட்டின் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. ஆனைமலையிலும் நீலகிரியிலும் வளரும் அதே இனம். தாத்தா காலத்து ஈட்டிக் கட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் மரத்தின் ஓட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடையில் நின்று செய்ய வேண்டியது சிறிதே. முதல் மெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்) பதினான்காம் மெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால், இடையில் ஏழாம் மெட்டின்மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் தடித்த கம்பியின் உயரம் 2.5 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. இவற்றைச் சரிசெய்து தருமாறு விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஆயுட்கால உத்தரவாதம் இருந்தாலும் கோபியிலிருந்து அதைப் பயன்படுத்துவது எளிதன்று.

என் முடிவைக் கேட்டால், மேடைக்கு வழக்கமான டி-28ஐயே வாங்கி, மிச்சப்படும் பணத்தில் நல்ல பிக்கப் ஒன்றைப் பொருத்திக் கொள்வேன்.

கேள்வி: கடைப் பதிப்பு பின்னாளில் அதிக விலைக்குப் போகுமா? (வேறொரு வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: போகும் என்று எண்ணி வாங்காதீர்கள். நம் ஊரில் பழைய கிட்டார் கேட்டு வருகிறவருக்கு டி-28 என்ற பெயர் தெரியும். எந்தக் கடைக்கென்று செய்தது என்பது தெரியாது. விலையைக் காப்பது வெடிக்காத மேல்பலகை. மார்ட்டின் சொல்லும் ஈரப்பதம் 45 முதல் 55% வரை. பங்குனி, சித்திரை மதியங்களில் உடுமலைக் காற்று அதற்கு வெகு கீழே போய்விடும். ஈரம் தரும் ஹியூமிடிஃபையர் ஒன்றை உள்ளே வைத்துப் பெட்டியை மூடி வையுங்கள்; பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரத் தொடங்கும் ஆனியில் அதை எடுத்துவிடலாம்.