சர்வரில் மேட்பிளாட்லிப் வரைபடம்: மெமரி ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

ஃபிளாஸ்க் (பைதானில் வலைச் செயலி எழுத உதவும் கருவி) செயலியில் மேட்பிளாட்லிப் (பைதானின் வரைபட நூலகம்) வரைபடம் சரியாக வருகிறது, ஆனால் சர்வரின் மெமரி மட்டும் இறங்குவதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் மேட்பிளாட்லிப்பின் ஒரு பகுதியான பைபிளாட். அது உருவாக்கும் ஒவ்வொரு ஃபிகரையும் (முழு வரைபடத்தையும் தாங்கும் பொருள்), நீங்கள் குளோஸ் செய்யும்வரை தன்னிடமே பிடித்து வைத்திருக்கும். திறந்திருக்கும் ஃபிகர்கள் 20-ஐத் தாண்டினால் எச்சரிக்கையும் தரும். லாகில் தேடிப் பாருங்கள்.

சர்வரில் பைபிளாட்டை இம்போர்ட்டே செய்யாதீர்கள். ஃபிகர் கிளாஸை நேரடியாக எடுத்து, அதன் சப்பிளாட்ஸ் மெத்தடில் அச்சுகளை உருவாக்கி வரையுங்கள். ரிக்வெஸ்ட் முடிந்ததும் பைதானே மெமரியை விடுவித்துவிடும். திரை இல்லாத சர்வரில் வரும் டிஸ்பிளே பிழையும் இதோடு ஒழியும்.

படத்தை ஒரே பெயரில் டிஸ்கில் எழுதாதீர்கள். இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் ஒருவருடைய படம் மற்றவருக்குப் போய்விடும், இது உண்மையிலேயே ஆபத்து. பைட்ஸ்ஐஓ பஃபரில் (மெமரியிலேயே கோப்பு போல இயங்கும் இடம்) பிஎன்ஜியாக சேவ்ஃபிக் செய்து, சீக்(0) கொடுத்து படிக்கும் குறியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, ஃபிளாஸ்கின் சென்ட்_ஃபைல் வழியாக இமேஜ்/பிஎன்ஜி என்ற மைம்டைப்புடன் அனுப்புங்கள். சேவ்ஃபிக் முடிந்ததும் பஃபரின் குறி கடைசியில் நிற்கும். சீக்கை விட்டுவிட்டால் அங்கிருந்து படிக்க ஒன்றுமே இருக்காது, பிரவுசரில் உடைந்த பட ஐகான்தான் தெரியும்.

அளவு எளிது: 8×4 இஞ்ச், 100 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 100 பிக்சல்) என்றால் 800×400 பிக்சல். வரைபடத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருந்தால், பிஎன்ஜிக்குப் பதில் எஸ்விஜி (படத்தை வடிவங்களாக எழுதி வைக்கும் கோப்பு வகை) வேண்டாம். புள்ளிக்கொரு உறுப்பாக எழுதி பிரவுசரைத் திணறடிக்கும்.