ஒரே தகடு, இரண்டு மடிப்பில் மட்டும் விரிசல் ஏன்?

கேள்வி: 2 மி.மீ. அலுமினியத் தகட்டை 90 டிகிரி மடித்துப் பெட்டி செய்கிறேன். எதிரெதிரான இரண்டு பக்கங்கள் நன்றாக மடிகின்றன. மற்ற இரண்டில் வெளிப்புறம் விரிசல் விடுகிறது. என்ன செய்வது?

பதில்: எதிரெதிர்ப் பக்கங்கள் என்று நீங்கள் கவனித்துச் சொன்னதே பாதி விடை. தகடு உருவாகும் விதத்தில்தான் காரணம் இருக்கிறது. கனமான அலுமினியப் பாளத்தை முதலில் சூடாகவும், பிறகு குளிர்ந்த நிலையிலும் உருளைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப அழுத்தி மெலிதாக்குகிறார்கள். அப்போது உலோகத்தின் மணிகள் (அதிலுள்ள நுண்ணிய படிகங்கள்) உருளை ஓடிய திசையில் நீண்டுவிடுகின்றன, கிட்டத்தட்ட மரத்தின் ரேகை மாதிரி. மடிக்கும்போது தகட்டின் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசுங்கும். மடிப்புக் கோடு ரேகைக்குக் குறுக்கே போனால் தகடு தாங்கும். ரேகையோடு சேர்ந்து ஓடினால் எளிதில் பிளக்கும்.

தகட்டைச் சாய்த்துப் பாருங்கள், மெல்லிய கோடுகள் திசையைக் காட்டும். தெரியவில்லையா? நீளவாக்கில் ஒரு துண்டு, அகலவாக்கில் ஒரு துண்டு வெட்டி மடித்துப் பாருங்கள். பெட்டிக்கு நான்கு பக்கமும் மடிக்க வேண்டுமே என்பீர்கள். அளவை ரேகைக்கு 45 டிகிரி சாய்வாக வரைந்து வெட்டுங்கள். கழிவு கொஞ்சம் கூடும், ஆனால் நான்கு மடிப்பும் ஒரே மாதிரி தாங்கும்.

அடுத்தது, தகட்டின் ரகம். 6061-டி6 (வெப்பத்தால் பதப்படுத்தி வலுவேற்றிய அலுமினியக் கலவை) என்றால் கூர்மையாக மடிக்கவே கூடாது. உள்வளைவின் ஆரம் தகட்டுத் தடிமனைப்போல் 3 மடங்காவது இருக்கட்டும். பெட்டி வேலைக்கு நான் 5052-எச்32 என்ற, எளிதில் வளையும் கலவையை வாங்கத்தான் சொல்வேன். அது தடிமன் அளவு ஆரத்திலேயே பெரும்பாலும் விரிசலின்றி மடியும்.

வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அரத்தால் தேய்த்துவிட்டு, பிசிறு இருந்த பக்கம் மடிப்பின் உள்ளே வரும்படி வையுங்கள்.

சூடாக்கி மடிக்கலாமா? மடியும்தான், ஆனால் டி6 தன் வலுவை அந்த இடத்தில் இழந்துவிடும். தவிர, இரும்பைப்போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், 6061 போன்ற கலவைகள் 580 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கிவிடும். இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம்.