மின் உற்பத்திக் கணக்கு மூன்று மடங்காக வருவது ஏன்?

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். தமிழ்நாட்டில் நிலக்கரி, நீர், அணு, காற்று என்று எதிலிருந்து எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது என்று கணக்கிட பைத்தானில் நிரல் எழுதுகிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் மாத அறிக்கையை எக்செல்லாக மாற்றிக் கொடுத்தேன். அனல் மின்சாரத்தின் கூட்டுத்தொகை அறிக்கையில் இருப்பதைப் போல் சரியாக மூன்று மடங்கு வருகிறது. அந்த அறிக்கையில் காற்றாலை இல்லாததால் நிறுவுதிறன் பட்டியலில் இருந்து எடுத்தேன்; அதன் பங்கும் நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது. புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் முடித்துத் தருகிறார்களாம். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மூன்று மடங்கு.

தப்பு உங்கள் நிரலில் இல்லை, நீங்கள் கூட்டிய வரிகளில் இருக்கிறது. அந்த அறிக்கையில் மாநிலத்தின் பெயருக்குக் கீழே மத்திய, மாநில, தனியார் என்று பிரித்து ஒவ்வொரு மின் நிலையத்தையும் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கூட்டுத்தொகை, கடைசியில் மாநிலத்துக்கு ஒரு மொத்தம். பார்க்கிற கண்ணுக்கு அது மொத்தம் என்று தெரியும். நிரலுக்கு எல்லாம் ஒரே மாதிரி வரிதான். நிலையங்களை ஒரு முறை, பிரிவுகளை ஒரு முறை, மாநிலத்தை ஒரு முறை கூட்டிவிட்டது.

'மொத்தம்' என்ற சொல் இருக்கும் வரிகளை நீக்கினால் போதும் என்று தோன்றும். போதாது, சில இடங்களில் அந்தச் சொல்லே இருக்காது. உட்கார்ந்து கையால் ஒரு சின்ன அட்டவணை தயாரியுங்கள்: நிலையத்தின் பெயர், எரிபொருள், யாருடையது, எத்தனை மெகாவாட். அதோடு அறிக்கையை இணையுங்கள். பொருந்தாமல் போன வரிகளைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடாமல் திரையில் காட்டச் சொல்லுங்கள். அறிக்கையில் இருக்கும் மொத்தத்தைத் தனியே எடுத்து வைத்து, உங்கள் கூட்டலோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் நிரல் அங்கேயே நிற்கட்டும்.

பெயரில் கவனம் வேண்டும். தூத்துக்குடி என்று மட்டும் தேடினால் மாநிலத்தின் பழைய நிலையமும் சிக்கும் (210 மெகாவாட் அலகுகள் ஐந்து), என்எல்சியும் மின்வாரியமும் கூட்டாகத் தொடங்கிய நிலையமும் சிக்கும் (500 மெகாவாட் அலகுகள் இரண்டு). முதலாவது மாநிலப் பிரிவு, இரண்டாவது மத்தியப் பிரிவு. நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. அதற்குத் தனி வரி கொடுங்கள். '1,23,456' என்று காற்புள்ளியோடு இருக்கும் எண்ணை எழுத்தாகப் படித்துவிடும், முதலில் காற்புள்ளியை நீக்குங்கள். பக்கத்திலேயே ஏப்ரல் முதல் அந்த மாதம் வரைக்குமான கூட்டுத்தொகைக்கு ஒரு நெடுவரிசை இருக்கும். அதை மாதாமாதம் கூட்டினால் தலை சுற்றிவிடும்.

இனி காற்றாலை. நிறுவுதிறன் என்பது எவ்வளவு முடியும் என்ற கணக்கு, உற்பத்தி என்பது எவ்வளவு வந்தது என்ற கணக்கு. 100 மெகாவாட் காற்றாலை 30 நாளும் முழு வேகத்தில் ஓடினால் 72 மில்லியன் யூனிட். உண்மையில் 20 மில்லியன்தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், பயன்பாடு 28 சதவீதம்கூட இல்லை. மெகாவாட்டை வைத்துப் பங்கு போட்டால் காற்றின் பங்கு ஊதிப் பெருகத்தான் செய்யும். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் உற்பத்திக்கு அதே ஆணையம் தனி மாத அறிக்கை வெளியிடுகிறது, அதை எடுங்கள். ஒரு மாதத்தை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்று டிசம்பரில் இருக்காது. ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு நிதியாண்டாக எடுங்கள்.

அறிக்கையில் இருக்கும் உற்பத்தியை அப்படியே கூட்டலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. யாரும் உங்களிடம் இதைக் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோவை மாவட்டத்தில் காடம்பாறை என்று 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. அறிக்கையில் அது நீர்மின்சாரம். ஆனால் அது நீரேற்று நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். தண்ணீரை ஏற்றச் செலவான மின்சாரம் எங்கிருந்து வந்தது? அனல் நிலையத்திலிருந்தோ காற்றாலையிலிருந்தோ. அது ஏற்கெனவே உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவானால் திரும்ப வருவது 70, 80 யூனிட்தான். அதையும் உற்பத்தி என்று கூட்டினால் ஒரே மின்சாரம் இரண்டு தடவை ஏறுகிறது. அணைக்கு இயற்கையாக வரும் தண்ணீரும் உண்டு என்பதால் ஒரேயடியாக நீக்கவும் முடியாது. தனி வரியில் போட்டு அடிக்குறிப்பு கொடுங்கள். தேர்வாளர் கேட்டால் மகிழ்ச்சி, கேட்காவிட்டாலும் கணக்கு சரி.

இப்போது புராஜெக்ட் சென்டர். இவர்களில் பலர் செய்வது இதுதான்: போன வருடம் வேறொரு கல்லூரிக்கு விற்ற கோப்பில் கல்லூரிப் பெயரை மாற்றித் தருவார்கள். தரவு தமிழ்நாட்டினுடையதா என்றே பார்த்திருக்க மாட்டார்கள். 'ஐஇஇஇ தலைப்பு' (மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு) என்றால் ஒரு விலை, 'மெஷின் லேர்னிங்' சேர்த்தால் இன்னொரு விலை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டே எண்கள். அதில் மெஷின் எதைக் கற்றுக்கொள்ளும்? துல்லியம் 98 சதவீதம் என்று ஒரு படம் மட்டும் கண்டிப்பாக இருக்கும். சிலர் டேட்டா வாங்கித் தருகிறோம் என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கு ஐயா கட்டணம்?

இவர்கள் பிழைப்பதற்கு நம் ஏற்பாடும் ஒரு காரணம். கணினியில் இருக்கும் எண்ணை அச்சுக்குப் போவது போல் பிடிஎஃப் ஆக்கி வெளியிடுகிறார்கள், பிறகு மாணவன் அதைத் திரும்ப எண்ணாக்கப் பாடுபட வேண்டும். 2010-இல் மின்வாரியம் பிரிந்தது, 2024-இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மறுபடியும் பிரிந்தது. பல வருடத் தரவை இணைக்கிறவன் ஒவ்வொரு முறையும் பெயர் மாற்றிக்கொண்டு இருக்க வேண்டும். கல்லூரியோ பைண்டிங்கின் நிறத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது.

சரி, எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கூடங்குளத்தில் இப்போது ஓடுவது 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டு. ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் ஒரு நாளைக்கு 48 மில்லியன் யூனிட், 30 நாளுக்கு 1,440. அதில் கேரளம், கர்நாடகம், புதுச்சேரிக்கும் பங்கு போகிறது. ஆகவே தலைப்பில் 'தமிழ்நாட்டில் உற்பத்தியான மின்சாரம்' என்று போடுங்கள், 'தமிழ்நாட்டுக்குக் கிடைத்த மின்சாரம்' என்று போடாதீர்கள். உங்கள் நிரல் அணுமின்சாரத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு காட்டலாம் என்பது கல்பாக்கத்தின் 440 மெகாவாட்டையும் சேர்த்தால் தெரிந்துவிடும்: 30 நாள் மாதத்தில் உச்சபட்சம் 1,757 மில்லியன் யூனிட். அதைத் தாண்டினால் ஏதோ ஒரு மொத்த வரி இன்னும் உள்ளே இருக்கிறது.