பந்தியில உக்காந்துட்டு வேண்டாம்னு எப்படிச் சொல்றது?

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல சாப்பாட்டுப் பிரச்சனைதான், முகூர்த்த மாசம் நெருங்குதுல்ல. அதனால ஒரே வகைக் கேள்விகளா எடுத்து வச்சிருக்கேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். ரத்தசோகை, வயித்துப்போக்கு, உப்பசம்னு பல டாக்டர்கிட்ட அலைஞ்சு கடைசில எண்டோஸ்கோபி எடுத்து சீலியாக் நோய்னு சொல்லிட்டாங்க. கோதுமை துளிகூட கூடாதாம். வீட்ல சமாளிச்சுடுறேன். ஆனா வர்ற ஆவணியில நாத்தனார் கல்யாணம், நிச்சயத்துல ஆரம்பிச்சு மறுவீடு வரைக்கும் வரிசையா விசேஷம். போன தடவை ஒரு காதுகுத்துல பூரி வேண்டாம்னு சொன்னதுக்கு எங்க வீட்டுக்காரரோட பெரியத்தை "எங்க வீட்டுச் சாப்பாடு உனக்கு எறங்காதோ"ன்னு பந்தியில எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. அன்னிக்கு வெறும் சாம்பார் சாதமும் ரசமும்தான் சாப்பிட்டேன், அப்படியும் ராத்திரி பூரா வயிறு பாடாப் படுத்திடுச்சு. சாதத்துல ஏதுக்கா கோதுமை? பட்டினி கெடக்கவா, இல்ல விசேஷத்துக்கே போகாம இருந்துடவா?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: பெரியத்தையை அப்புறம் பாத்துக்கலாம் தங்கச்சி, முதல்ல அந்த சாம்பாருக்கு வருவோம். எனக்கு சந்தேகம் பெருங்காயத்து மேலதான். பெருங்காயச் செடியோட பால் அப்படியே போட முடியாத அளவுக்குக் காட்டமா இருக்கும், அதனால மாவும் பிசினும் சேத்து மட்டுப்படுத்தித்தான் கடைக்கு அனுப்புறாங்க, அந்த மாவு நெறைய பிராண்டுல மைதா இல்லன்னா கோதுமை, சிலதுல மட்டும் அரிசி மாவு. கட்டிப் பெருங்காயம்னா சுத்தம்னு நெனைக்காதீங்க, அதுலயும் மாவு சேத்தது நெறைய இருக்கு. சாம்பார், ரசம், பொங்கல், மோர்க்குழம்பு, தாளிச்ச தயிர் சாதம், ஊறுகாய் வரைக்கும் பெருங்காயம் இல்லாத கல்யாணச் சமையல் ஏது. அந்தத் துளிக்கே இவ்ளோவான்னு கேப்பீங்க. சீலியாக் உள்ளவங்களுக்கு க்ளூட்டனை, அதாவது அவங்க குடலுக்கு ஆகாத, கோதுமை பார்லியில இருக்குற புரதத்தை, தினமும் 50 மில்லிகிராம் மூணு மாசம் குடுத்துப் பாத்த ஒரு ஆய்வு 2007ல வந்துச்சு, அந்த அளவே குடலைக் கெடுக்குதுன்னுதான் அதுல தெரிஞ்சுது. 50 மில்லிகிராம்ங்கறது சுமாரா அரை கிராம் மைதாவுல இருக்குற க்ளூட்டன், ஒரு சிட்டிகைதான். அதனால "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு யார் சொன்னாலும், அவங்க நல்ல எண்ணத்துலயே சொன்னாலும், தயங்காம மறுத்துடுங்க.

உங்க பெரியத்தைக்கு இது புரியாததுல ஒரு நியாயமும் இருக்கு. 2016ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ஹரியானா, வடகிழக்கு, நம்ம வேலூர் பக்கம்னு மூணு பகுதில மக்களைப் பரிசோதிச்சாங்க. வடக்கே ஆயிரம் பேருக்கு எட்டுப் பேருக்கு மேல சீலியாக், தெக்கே பத்தாயிரத்துக்கு சுமார் ஒருத்தர். ஆச்சரியம் என்னன்னா அந்த நோய்க்குத் தோதான மரபணு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருந்துச்சு, ஆனா வடக்கே ஒரு ஆள் ஒரு நாளைக்கு சராசரியா 455 கிராம் கோதுமை சாப்பிடுறாரு, தெக்கே 25 கிராம்தான். ஆக அவங்க ஆயுசுல இப்படி ஒரு நோயாளியைப் பாத்திருக்கவே வாய்ப்பு கம்மி, மருமக பிகு பண்றான்னுதான் தோணும். ஆனா இப்ப ராத்திரி ஆனா வீட்டுக்கு வீடு சப்பாத்தி, காலையில கோதுமை ரவை உப்புமான்னு ஆயிடுச்சு, இனிமே இந்தக் கணக்கு எப்படி மாறும்னு யாருக்குத் தெரியும்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். போகாம இருக்குற பேச்சே வேண்டாம், சொந்த நாத்தனார் கல்யாணம். என் கருத்து ஒண்ணுதான், வேண்டாம்ங்கற பேச்சு பந்தியில நடக்கவே கூடாது, அது பத்து நாள் முன்னாடியே சமையல்கட்டுல நடந்து முடிஞ்சிருக்கணும். அதையும் நீங்க பேசாதீங்க, உங்க வீட்டுக்காரர் பேசட்டும். அவர் வீட்டுக் கல்யாணம், அவர் தங்கச்சி, கான்ட்ராக்ட் எடுத்திருக்குற சமையல் மாஸ்டரும் அவர் சொன்னா கேப்பாரு. மாஸ்டர்கிட்ட போய் சீலியாக், க்ளூட்டன்னு சொன்னா தலையாட்டிட்டு மறந்துடுவாரு, பாவம் அவருக்கு ஆயிரம் பேர் சமையல். பொருள் பேரா சொல்லணும்: கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, கடைப் பெருங்காயம், சோயா சாஸ். இந்த ஆறையும் தாள்ல எழுதிக் குடுத்துடச் சொல்லுங்க. அரிசி ரவை ஆகும், சம்பா ரவை ஆகாது, அதையும் சேத்து எழுதிடுங்க, ரெண்டையும் ரவைன்னுதான் சொல்லுவாங்க.

இன்னொரு யோசனை, இது உங்க வீட்டுக் கல்யாணம்ங்கறதாலதான் முடியும். மளிகை லிஸ்ட் போடும்போதே பெருங்காயத்தை மட்டும் நாங்க வாங்கித் தர்றோம்னு வாங்கிட்டு, க்ளூட்டன் ஃப்ரீன்னு டப்பாவுல போட்டிருக்குற அரிசி மாவுப் பெருங்காயமா மொத்தக் கல்யாணத்துக்கும் குடுத்துடுங்க. கல்யாணச் செலவுல அது ஒரு காசே கெடையாது. ஆயிரம் பேரும் அதே சாம்பாரைச் சாப்பிடுவாங்க, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது, உங்களுக்குத் தனிப் பாத்திரம்ங்கற பேச்சே வராது. நம்ம நாட்டு உணவுச் சட்டப்படி க்ளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாது, அதனால அந்த வார்த்தையை நம்பலாம். சாம்பார் பொடி, ரசப் பொடி கடைல வாங்குறதா இருந்தா அந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க, கோதுமை இருந்தா சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, பொடி எழுத்துல ஓரமா போட்டிருப்பான்.

அடுத்தது எண்ணெய். பூரி பொரிச்ச சட்டியிலேயே அப்பளம், வடை, உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லாம் விழும். ஒண்ணு, அதெல்லாம் முதல்ல பொரிச்சு எடுத்துட்டு அப்புறம் பூரி போடச் சொல்லணும், இல்ல நீங்க அன்னிக்கு அப்பளத்தை மறந்துடணும். இனிப்புல பாதுஷா மைதா, கேசரி ரவை, அல்வா பெரும்பாலும் கோதுமை. மைசூர்பாகு, லட்டெல்லாம் கடலை மாவுதான், ஆனா எந்த மில்லுல அரைச்சதுன்னு ஒரு கேள்வி இருக்கு, கோதுமை அரைச்ச கையோட அதே மெஷின்ல கடலையும் அரிசியும் கொட்டுவாங்க. இடியாப்ப மாவுக்கும் முறுக்கு மாவுக்கும் இதே கதைதான், கிரைண்டர்ல ஆட்டுற இட்லி மாவுக்கு இந்தத் தொல்லை இல்ல. பாயசம் சேமியா வேண்டாம், பருப்புப் பாயசம் போடுங்கன்னு உங்க மாமியாரையே மெனுவுல சொல்ல வச்சிடுங்க. ஜவ்வரிசிப் பாயசம்னு சொன்னீங்கன்னா அதுலயும் ஒரு பிடி சேமியாவைத் தட்டிவிட்டுத்தான் எறக்குவாங்க, கவனம்.

சாப்பிடும்போது முதல் பந்தியில உக்காருங்க, வாளியும் கரண்டியும் அப்பத்தான் சுத்தமா இருக்கும், மூணாவது பந்திக்குள்ள கேசரிக் கரண்டி கூட்டுல கெடக்கும். வாழை இலை நம்ம புண்ணியம், பஃபே தட்டை விட நூறு மடங்கு நல்லது. ரெண்டு பக்கமும் வீட்டு ஆளா உக்காத்தி வச்சுக்குங்க, பரிமாறுற பையன் உங்க முகத்தைப் பாக்க மாட்டான், இலையில காலி இடத்தைத்தான் பாப்பான், கையை வச்சு மறைக்கக் கூட ஒரு ஆள் வேணும். வெறும் சாதம், நெய், பெருங்காயம் போடாத பருப்பு, தேங்காயும் தயிரும் மட்டும் விட்ட அவியல், தாளிக்காத தயிர், வாழைப்பழம், இவ்ளோ கெடைச்சாலே ஒரு வேளை ஓடிடும். மறுவீட்டுக்குப் புது சம்பந்தி வீட்டுக்குப் போறப்ப மட்டும் ஒரு டப்பா கொண்டு போங்க, ஆனா டப்பாவைத் தெறந்து வச்சுக்கிட்டுத் தனியா ஓரமா சாப்பிடாதீங்க, இலை போட்டு அதுல கொட்டிக்கிட்டு எல்லாரோடயும் சாப்பிடுங்க, அப்ப யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இப்ப பெரியத்தை. நம்ம ஊர்ல இலையில வச்சதைத் தள்ளினா வச்ச ஆளையே தள்ளின மாதிரி எடுத்துக்குவாங்க, அதனால ஒண்ணை வேண்டாம்னு சொல்ற அதே மூச்சுல இன்னொண்ணைக் கேட்டு வாங்கணும். "கோதுமை சாப்பிட்டா எனக்குக் குடல் புண்ணாகுதுத்தை, ஆயுசுக்கும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அந்த அவியல் இன்னும் கொஞ்சம் வைங்களேன்." அவ்ளோதான். குடலுறிஞ்சி, பயாப்ஸி எல்லாம் பந்தியில விளக்கிட்டு இருந்தீங்கன்னா ஆளுக்கு ஒரு கை வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. இன்னிக்கு விரதம்னு ஒரு பொய் சொல்லித் தப்பிச்சுக்கலாமான்னு சில பேர் கேக்குறாங்க, நோய்க்குக் குடுக்காத மரியாதையை விரதத்துக்குக் குடுப்பாங்கங்கறது உண்மைதான், ஆனா விரதம்னு சொன்ன அடுத்த கால் மணி நேரத்துல பாசமா ரவா உப்புமா கிண்டிக்கிட்டு வந்து நிப்பாங்களே, அப்ப என்ன பண்ணுவீங்க?

கேள்வி: என் பையனுக்கு 7 வயசு, சீலியாக். பர்த்டே பார்ட்டிக்கு அனுப்பவே பயமா இருக்கு. மத்த பிள்ளைங்க கேக் சாப்பிடும்போது இவன் மூஞ்சியைப் பாக்க முடியல.
- ஒரு அம்மா, கோவை

பதில்: அனுப்புங்க. கேக் வெட்டுற வீட்டு அம்மாவுக்கு முன்னாடியே போன் பண்ணி என்னென்ன போடுறீங்கன்னு கேட்டுட்டு, அவனுக்குன்னு ஒரு கப் கேக், அரிசி மாவுலயோ பாதாம் மாவுலயோ பண்ணி, அவங்க கையில முன்னாடியே குடுத்து வச்சுடுங்க. மத்த பிள்ளைங்களுக்குத் தட்டு வர்ற நேரத்துல இவனுக்கும் அவங்களே எடுத்துக் குடுக்கணும், உங்க பையில இருந்து நீங்க எடுத்து நீட்டினா அது மருந்து மாதிரி ஆயிடும். பெரியவங்க பாலோட ஹார்லிக்ஸ் கலந்து குடுத்துடுவாங்க, அதுல கோதுமையும் பார்லியும் இருக்கு, இதைப் பையனுக்கே சொல்லிக் குடுங்க. 7 வயசுப் பிள்ளை நாம நெனைக்கிறதை விட நல்லாவே ஞாபகம் வச்சுக்கும், பல நேரம் நம்ம மாமனாரை விட நல்லா. அவனுக்கு அண்ணன் தங்கச்சி இருந்தா அவங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை டாக்டர்கிட்ட கேளுங்க, ஒரே குடும்பத்துல வர்ற வாய்ப்பு அதிகம். ஆனா டெஸ்ட் எடுக்குற வரைக்கும் அவங்களுக்குக் கோதுமையை நிறுத்திடாதீங்க, நிறுத்திட்டுப் பாத்தா நோய் இருந்தாலும் இல்லன்னு காட்டிடும்.

கேள்வி: ஞாயிறு பூசையில நற்கருணை அப்பம் கோதுமையாச்சே, சீலியாக் இருக்குற நான் என்ன செய்ய? வாங்காம உக்காந்திருந்தா பாவம் செஞ்சவள மாதிரி பாக்குறாங்க.
- தூத்துக்குடி வாசகி

பதில்: உங்க திருச்சபையிலேயே இதுக்கு வழி இருக்கு. க்ளூட்டன் ரொம்பக் கம்மியா உள்ள கோதுமை அப்பத்துக்கு அனுமதி உண்டு, கோதுமையே இல்லாத அரிசி அப்பத்துக்குத்தான் கெடையாது, வத்திக்கான் 2017லயும் இதை எழுதி உறுதிப்படுத்துச்சு. அதுவும் ஆகாதவங்க திராட்சை இரசம் மட்டும் வாங்கிக்கலாம், அதுவே முழு நற்கருணைதான். ஆனா குருவானவர் அப்பத்துல ஒரு துண்டை இரசத்துல போடுவாருல்ல, அந்தக் கிண்ணம் உங்களுக்கு ஆகாது, தனிக் கிண்ணம் வேணும். பூசை முடிஞ்சு கூட்டத்துல கேக்காம வார நாள்ல போய் பங்குத் தந்தைகிட்ட நிதானமா பேசுங்க.

கேள்வி: எனக்குப் பால் ஒத்துக்காது மேடம், லாக்டோஸ்னு சொன்னாங்க. தை மாசம் கல்யாணம். பால் பழம் குடுப்பாங்களே, அன்னிக்குப் பாத்து வயிறு கலக்கிட்டா மானம் போயிடும். சிரிக்காதீங்க.
- புது மாப்பிள்ளை, தஞ்சாவூர்

பதில்: சிரிக்கல தம்பி, கொஞ்சம்தான். உங்க பிரச்சனையும் மேல எழுதின தங்கச்சி பிரச்சனையும் ஒண்ணு இல்ல. அவங்களுக்கு ஒரு சிட்டிகையும் ஆகாது, உங்களுக்குப் பெரும்பாலும் அளவுதான் பிரச்சனை, லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரையை செரிக்கிற நொதி பத்தல, குடல் ஒண்ணும் கெடப் போறதில்ல. பால்ல நூத்துக்கு அஞ்சு பங்குதான் லாக்டோஸ், சடங்குக்கு வைக்கிற ரெண்டு ஸ்பூன்ல அரை கிராம்தான் போகும், நெறைய பேருக்கு ஒரு டம்ளர் பால்ல இருக்குற 12 கிராம் வரைக்குமே சாப்பாட்டோட சேத்தா தாங்கும். அதனால பால் பழத்தைத் தைரியமா வாங்கிக்குங்க. நெய்யில பயமே இல்ல, தயிரும் மோரும் பல பேருக்கு ஒத்துக்கும். ஆபத்து அதுக்கப்புறம்தான், மாமனார் வீட்டுல வேளைக்கு ஒரு சொம்பு பாதாம் பால், ஃபில்டர் காபி, ரசமலாய்னு வந்துக்கிட்டே இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணுகிட்ட சொல்லி வச்சிடுங்க, காலையில சுக்கு காபி, மத்தபடி மோர்னு அவங்க அம்மா காதுல போட்டுடுவாங்க. அந்த நொதியே லாக்டேஸ்னு மாத்திரையாவும் கெடைக்குது, டாக்டரைக் கேட்டு ரெண்டு பட்டை வாங்கிப் பட்டுச் சட்டைப் பையில வச்சுக்குங்க, ரிசப்ஷன்ல ஐஸ்கிரீம் ஊட்டச் சொல்லி போட்டோகிராஃபர் விட மாட்டாரு.