வங்கிக்கு வேட்டியில் போகலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 46. கடன் விஷயமாக அடுத்த வாரம் வங்கி மேலாளரைப் பார்க்கணும். எனக்கு எப்போதும் வேட்டி சட்டைதான். கல்லூரியில் படிக்கும் மகள், "பேண்ட் போட்டு இன் பண்ணிட்டுப் போங்கப்பா, அப்பத்தான் மதிப்பாங்க" என்கிறாள். உடையில் அவ்வளவு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனாலும் வேட்டியிலேயே போங்கள்.

உங்கள் மகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே முகத்தை ஒருமுறை வசதியானவர் உடுத்துவது போன்ற உடையோடும், இன்னொரு முறை வசதி குறைந்த உடையோடும் காட்டிப் பார்த்தார்கள். 0.129 நொடி காட்டியதிலேயே, வசதியான உடையில் இருந்த முகம்தான் திறமைசாலியாகத் தெரிந்தது. உடையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லியும் பலனில்லை. மேலாளரும் மனிதர்தானே.

சரி, அப்புறம் ஏன் வேட்டி? முப்பது வருஷமாகச் சட்டை, பேண்ட் தைக்கிறேன். பேண்ட் பழகாதவர் கடைக்குள் வரும்போதே தெரிந்துவிடும். உட்கார்ந்ததும் தொடைப் பக்கம் இழுத்துவிடுவார், பெல்ட்டைத் தூக்குவார், பேச்சுக்கு நடுவில் சட்டையை உள்ளே திணிப்பார். எதிரே இருப்பவருக்குக் காரணம் புரியாது. ஆள் ஏதோ தடுமாறுகிறார் என்று மட்டும் படும். கடன் கேட்கப் போகிற இடத்தில் அது எதற்கு?

எட்டு முழமே கட்டுங்கள். நாலு முழம் தறிக்கூடத்தோடு இருக்கட்டும். கரை மெல்லியதாக இருந்தால் போதும். கட்சிக் கரை மட்டும் வேண்டவே வேண்டாம், பாக்கெட் வழியாகத் தலைவர் படம் தெரிகிற மெல்லிய சட்டையும் அப்படித்தான். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே அது வேறு ஏதோ பேசிவிடும்.

காசு செலவழிப்பதானால் சட்டையில் செலவழியுங்கள், அதுவும் துணிக்கு இல்லை, அளவுக்கு. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் வந்து நிற்க வேண்டும். ஒரு அங்குலம் இறங்கினாலும் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போலாகிவிடும், அது இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டையாக இருந்தாலும். ரெடிமேடில் இடுப்பைப் பிடித்துவிடலாம், தோளைச் சரிசெய்யக் கையையே பிரிக்க வேண்டும். அதனால் வெள்ளையிலோ வெளிர் நீலத்திலோ ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். தைத்ததை ஒருமுறை அலசி, இஸ்திரி போட்டுப் போடுங்கள்.

ரப்பர் செருப்பு வேண்டாம், தோல் செருப்பு போதும். கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் விடுங்கள். வெளியே தொங்கினால், 'இதை அடகு வைக்கலாமே' என்று மேலாளருக்குத் தோன்றும்.

வேட்டிக்கு வாசலில் தடை இருந்த இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. 2014-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டமன்றம் சட்டம் போட்டது: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். உங்களுக்கு அதெல்லாம் தேவைப்படாது. ஈரோட்டு வங்கிக்காரர் தினமும் பார்ப்பதே வேட்டி கட்டிய முதலாளிகளைத்தான்.

காகிதங்களை ஒரு ஃபைலில் வரிசையாக வைத்துக் கொண்டுபோங்கள். மஞ்சப்பை நல்லதுதான், அரசே மறுபடி தூக்கிவிட்டிருக்கிறது. ஆனால் அதற்குள் கையை விட்டு வருமான வரித் தாளைத் துழாவிக்கொண்டிருந்தால், எந்த வேட்டியாலும் காப்பாற்ற முடியாது.